முறிந்த எலும்பும் டப்பா மாவும்

நமது ஓசூர், கிருஷ்ணகிரிப் பிரதேசத்தில் எலும்பு முறிவு என்பது இன்று அபூர்வமான சங்கதியல்ல. 1971-இல் தமிழ்நாட்டு சர்க்கார் சிப்காட் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, அந்த 1970-களிலேயே ஓசூரில் தொழிற்பேட்டையும் வைத்த பிறகு, ராகியும் கொள்ளும் விளைந்த காடுகளில் இயந்திரங்கள் முளைத்தன. சென்னை ரோடும், சேலம் ரோடும், பெங்களூர் ரோடும் கிருஷ்ணகிரியில் வந்து கூடுகின்றன. இரவு ஷிப்டு முடிந்து தூக்கக் கண்ணோடு இரண்டு சக்கர வண்டியில் வீடு திரும்புகிறவன் ரோட்டில் விழுகிறான். பகல் ஷிப்டுக்காரன் இயந்திரத்தில் கையைக் கொடுக்கிறான். கட்டட வேலைக்காரன் சாரத்திலிருந்து விழுகிறான். தமிழனாயினும், தெலுங்கனாயினும், கன்னடியனாயினும், ஒரிசா, பீகாரிலிருந்து பிழைக்க வந்தவனாயினும் முறிவது ஒரே மாதிரியான எலும்புதான். ஜாதிக்கு ஒரு எலும்பு என்று எந்த ஆண்டவனும் படைத்ததாகத் தெரியவில்லை.

அடிபட்டவன் கட்டுப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தவுடன் இரண்டு கூட்டத்தார் அவனைத் தேடி வருகிறார்கள். முதல் கூட்டம் பழைய கூட்டம். அஷ்டமத்துச் சனி என்றும், கண் திருஷ்டி என்றும், குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டதைச் செலுத்தாத குற்றம் என்றும் சொல்லி, வெள்ளியில் கால் செய்து உண்டியலில் போடச் சொல்லுவதும், முட்டை ஆகாது, மீன் ஆகாது, கறி ஆகாது என்று பத்தியம் வைப்பதும் இவர்கள் வேலை. இரண்டாவது கூட்டம் புதிய கூட்டம். இவர்கள் ஜாதகம் பார்ப்பதில்லை, டப்பா விற்கிறார்கள். “எலும்பு சீக்கிரம் கூட வேண்டுமானால் இந்தச் சத்து மாவைப் பாலில் கலந்து குடி, இந்த மாத்திரையை மூன்று வேளையும் போடு” என்று சொல்லி, சம்பளமில்லாமல் உட்கார்ந்திருப்பவனிடத்திலேயே ஆயிரக்கணக்கில் கறக்கிறார்கள். முதல் கூட்டம் தின்ன வேண்டியதைத் தடுக்கிறது. இரண்டாவது கூட்டம் தின்ன வேண்டியதை வாங்க வைத்திருந்த காசைப் பறிக்கிறது. இரண்டுக்கும் மூலதனம் ஒன்றே. அது நமது ஜனங்களின் அறியாமை.

ஆகவே, எலும்பு எப்படிக் கூடுகிறது, அதற்கு என்ன ஆகாரம் வேண்டும், எது வேண்டாம் என்பதை இந்த வாரம் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இது வைத்திய விஷயம்தானே, சுயமரியாதைப் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வயிற்றுக்குள் போவதையும் புரோகிதனும் வியாபாரியும் தீர்மானிக்கும்படி விட்டுவிட்ட மனிதனுக்கு எந்த மரியாதை மிச்சமிருக்கிறது என்று நாம் திருப்பிக் கேட்கின்றோம்.

எலும்பு முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளுகிறது. அந்தக் கட்டிக்குள் புதிய உயிரணுக்கள் புகுந்து, இரண்டு மூன்று வாரத்தில் குருத்தெலும்பு போன்ற மெத்தென்ற ஒரு பாலத்தைப் போடுகின்றன. பிறகு அந்தப் பாலத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி அது கெட்டிப்படுகிறது. கையெலும்பானால் பெரும்பாலும் 6 முதல் 8 வாரம். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பானால் 3, 4 மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதன் பின்னும் மாதக்கணக்கில் உடம்பு அந்த இடத்தைச் செதுக்கிச் செதுக்கிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருகிறது. முறிந்த துண்டுகளை நேராக்கி அசையாமல் வைப்பதுதான் வைத்தியனுடைய வேலை. கூட்டுகிற வேலையைச் செய்வது நமது சொந்த உடம்பேயாகும்.

தோழர்களே! மோசடியெல்லாம் இந்த இடத்தில்தான் நுழைகிறது. எலும்பு தானாகவே கூடுகிற வஸ்துவாக இருப்பதால், கூடுகிற காலத்தில் பக்கத்தில் யார் நின்றாலும் பெயர் அவனுக்குப் போய்விடுகிறது. வெள்ளிக் கால் போட்டவன் சாமி கூட்டியது என்கிறான். பச்சிலை கட்டியவன் பச்சிலை கூட்டியது என்கிறான். டப்பா குடித்தவன் டப்பா கூட்டியது என்கிறான். இவற்றில் ஒன்றையும் செய்யாமல் களியும் குழம்பும் தின்றுகொண்டு கிடந்த அடுத்த வீட்டுக்காரனுக்கும் அதே மூன்று மாதத்தில் கூடிவிட்டதே, அது யார் கூட்டியது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததாலேயே முந்தியது பிந்தியதற்குக் காரணமாகிவிடாது என்கிற ஒரு சிறிய அறிவு நமது மக்களுக்கு வந்துவிட்டால், கோயில் உண்டியலில் பாதியும் மருந்துக்கடை அலமாரியில் பாதியும் காலியாகிவிடும்.

நிற்க, உடம்புதான் கூட்டுகிறது என்றால் ஆகாரம் அவசியமில்லையா என்றால், அவசியம்தான். கொத்தனார் எவ்வளவு கெட்டிக்காரராயிருந்தாலும் சாமான் இல்லாமல் வீடு எழும்பாது. எலும்பு என்பது நம்முடைய காங்கிரீட் கூரையைப் போன்றது. உள்ளே கம்பி, மேலே சிமெண்டு. கொலாஜன் என்னும் புரத நார்தான் அந்தக் கம்பி. கால்சியம், பாஸ்பரஸ் என்னும் தாதுக்கள்தான் சிமெண்டு. டப்பாக்காரனும் மாத்திரைக்காரனும் பெரும்பாலும் சிமெண்டைப் பற்றியே கூச்சலிடுகிறார்கள். கம்பியில்லாமல் சிமெண்டை மட்டும் கொட்டினால் கூரை என்னவாகும் என்பது நமது ஓசூர்க் கொத்தனார்களுக்கு நன்றாய்த் தெரியும்.

இந்தக் கம்பி கெட்டியாக நிற்க வைட்டமின் சி வேண்டும் என்பதற்குச் சரித்திரமே சாக்ஷி சொல்லுகிறது. 1740-இல் இங்கிலாந்திலிருந்து ஆன்சன் என்ற கடற்படைத் தலைவர் கப்பல்களோடு உலகத்தைச் சுற்றப் புறப்பட்டார். பழமும் காய்கறியும் இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்ததால் மாலுமிகள் ஸ்கர்வி என்ற நோயால் கூட்டங் கூட்டமாய்ச் செத்தார்கள். அந்தப் பிரயாணத்தைப் பற்றிய புத்தகத்தில் ஒரு கிழ மாலுமியின் சங்கதி இருக்கிறது. அவர் 1690-இல் அயர்லாந்தில் நடந்த பாயின் யுத்தத்தில் அடிபட்டவர். ஐம்பது வருஷத்துக்கு முன் ஆறிப்போன அவருடைய புண் கப்பலில் மறுபடி வெடித்துத் திறந்துகொண்டதாம். என்றைக்கோ கூடிப்போன எலும்பும் கரைந்து விட்டுப்போயிற்றாம். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் நோய்ப்பட்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற ஜோடிதான் எழுந்து நடந்தது. ஒப்பிட்டுப் பார்த்து உண்மையைக் கண்டுபிடிப்பது என்றால் இதுதான். ஆரஞ்சு வேண்டுமென்று நாம் கஷ்டப்பட வேண்டியதில்லை. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் கணக்குச் சொன்னது. ஒரு கொய்யாப்பழத்தில் அதற்கு மேலேயே இருக்கிறது. நெல்லிக்காயில் அதைவிட அதிகம். இராயக்கோட்டைத் தக்காளியும், பருவத்தில் கிருஷ்ணகிரி மாம்பழமும் கூடத் துணை செய்யும்.

அடுத்தது புரதம். மேற்படி கழகத்தின் கணக்குப்படி, 60 கிலோ எடையுள்ள ஒருவனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். எலும்பு முறிந்தவனுக்கு அதைவிடக் கூடவே வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். 100 கிராம் கொள்ளிலும் பருப்பிலும் சுமார் 22 கிராம். ஆடானாலும் மாடானாலும் கோழியானாலும் மீனானாலும் கொழுப்பில்லாத 100 கிராமில் சுமார் 20 கிராம். இரண்டு முட்டை, இரண்டு வேளை கெட்டியான கொள்ளுக் குழம்போ பருப்போ, ஒரு டம்ளர் பால் அல்லது தயிர், முடிந்த நாளில் கொஞ்சம் கறியோ மீனோ என்று, சோற்றோடும் களியோடும் சேர்த்துத் தின்றால் கணக்குச் சரியாய்ப் போய்விடும். மாட்டுக்கறி தின்பவன் கீழானவன், நெய் தின்பவன் மேலானவன் என்று மனிதனுக்கு மார்க்குப் போடுகிற வருணாசிரமக் கணக்கு எலும்புக்குத் தெரியாது. குறைந்த விலையில் நல்ல புரதம் எதுவோ அதை அது மரியாதையோடு வாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது, கால்சியம். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1,200 வேண்டும். இதற்கு நமது ஜில்லாவைப் போல் கொடுத்துவைத்த ஜில்லா வேறில்லை. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் கூட இல்லை. முருங்கைக்கீரை 100 கிராமில் 300-க்கு மேல்; பால் 100 மில்லியில் சுமார் 120. எள்ளிலும், முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாட்டிலும் ஏராளம். ராகியில் உள்ளதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் முளைகட்டி அரைத்தால் சேருவது அதிகப்படுகிறது. இப்படியிருக்க, நமது தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்து மக்கள் களி தின்பது பட்டிக்காட்டுத்தனம் என்றும், வெள்ளைச் சோறு தின்பதுதான் நாகரிகம் என்றும் நினைத்து ராகியைக் கைவிட்டுக்கொண்டு வருகிறார்கள். பிறகு அதே ராகியை எவனோ மாவாக்கி, சர்க்கரையும் வாசனையும் சேர்த்து, டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்தால் நாலு மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள். 2023-இல் தமிழ்நாட்டு சர்க்கார் நீலகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியது. விளைகிற பூமியிலேயே சர்க்கார் வந்து ராகியை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது என்றால் நமது நாகரிக மோகத்தை என்னவென்று சொல்லுவது?

நாலாவது, வைட்டமின் டி. கால்சியத்தைக் குடலிலிருந்து உடம்புக்குள் இழுத்துக்கொடுப்பது இதுதான். நடுப்பகலையொட்டிய வெயில் கையிலும் காலிலும் சிறிது நேரம் பட்டால் தோலே இதை உண்டாக்கிக்கொள்ளுகிறது. ஆனால் இரவெல்லாம் ஷிப்டு, பகலெல்லாம் தகரக்கூரை அறையில் தூக்கம் என்று கிடக்கும் தொழிலாளிக்கும், அடுப்படியை விட்டு வெளியே வராத பெண்ணுக்கும் சூரியனைக் காண்பதே அரிதாயிருக்கிறது. இவ்வளவு வெயில் அடிக்கிற நாட்டில் வைட்டமின் டி குறைவு பரவியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். கட்டுப்போட்டவனை இருட்டறையில் படுக்க வைக்காமல் தினமும் சற்றுநேரம் வாசலில் உட்கார வையுங்கள்.

இனி, பத்தியக் கூட்டத்தாரைக் கவனிப்போம். நாட்டுக்கட்டுக் கட்டுகிறவர்களில் கைப்பழக்கத்தால் நல்ல தேர்ச்சியுள்ளவர்கள் இருக்கலாம். ஆனால் 1895-இல் ராண்ட்ஜன் என்ற ஜர்மானியர் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்து, உள்ளே எலும்பு எப்படி முறிந்திருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்க வழி செய்துவிட்ட பிறகும், தடவிப் பார்த்துக் கட்டுவது என்ன நியாயம்? மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியதால் இரத்த ஓட்டம் நின்று, விரல் மரத்து, கை அழுகி, கடைசியில் கையையே எடுக்கும்படி ஆனவர்கள் உண்டு. எந்தக் கட்டானாலும் சரி, கட்டிய பின் விரல் நீலம் பாரித்தாலும், மரத்தாலும், சகிக்க முடியாத வலி எடுத்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாட்டுக்கட்டில் முட்டை வெள்ளைக்கருவைக் குழைத்துக் காலின்மேல் பூசுகிறார்கள். அதே சமயம் முட்டை தின்னக்கூடாது என்று பத்தியமும் சொல்லுகிறார்கள். வாய்க்குள் போகவேண்டிய முட்டையைக் காலுக்கு வெளியே பூசினால் புரதம் தோலைத் துளைத்துக்கொண்டு எலும்புக்குப் போய்விடுமா? ஈக்கும் எறும்புக்கும்தான் அது ஆகாரமாகும்.

போதாததற்கு வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை, கிருத்திகை, புரட்டாசி. கால் முறிந்து கிடப்பவனும் புரட்டாசி முழுவதும் முட்டை, கறி தொடுவதில்லை. ஜனங்கள் தின்னாததாலேயே புரட்டாசியில் நாமக்கல் முட்டை விலை இறங்குவது வழக்கம். ஏழை வாங்கித் தின்னக்கூடிய விலைக்கு முட்டை வருகிற மாதம் பார்த்து, தின்னாதே என்று சாஸ்திரம் கையைப் பிடிக்கிறது. இந்தச் சாஸ்திரம் யாருடைய நன்மைக்கு எழுதப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

இது தனி மனிதன் பத்தியத்தோடு நின்றதா? ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே 2021 டிசம்பரில், கலபுரகி, கொப்பளம் முதலான வடகிழக்கு ஜில்லாக்களில் சத்துக்குறைவால் மெலிந்திருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு சர்க்கார் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது, சில மடாதிபதிகள் அது கூடாதென்று கிளம்பினார்கள். மடத்தில் பாலும் நெய்யும் முந்திரியும் சாப்பிடுகிறவர்கள், கூலிக்காரன் பிள்ளைக்கு வாரம் சில நாள் கிடைக்கும் ஒரு முட்டையால் தர்மம் கெட்டுவிடும் என்றார்கள்! முட்டை வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு என்று சர்க்கார் வழி வைத்த பிறகும் இந்த எதிர்ப்பு. பிள்ளைகளோ எங்களுக்கு முட்டை வேண்டும் என்று வாய்விட்டே கேட்டார்கள். கடைசியில் வெற்றி பிள்ளைகளுக்குத்தான். 2024-இல் அங்கே வாரம் 6 நாளும் முட்டை என்றாயிற்று. நமது தமிழ்நாட்டில் 1982-இல் விரிந்த சத்துணவுத் திட்டத்தில் 1989 முதல் முட்டை சேர்ந்து, 2010-இல் வாரம் 5 முட்டை என்று உயர்ந்தது. இதை யாரும் பெரிதாக எதிர்க்க முடியாமற்போனதற்கு இந்த மண்ணில் சுயமரியாதை இயக்கம் செய்த வேலையும் ஒரு காரணம் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. பள்ளியில் தின்ற முட்டைதான் பிற்காலத்தில் ஆலையில் உழைக்கிற எலும்பு.

இனி டப்பாக்காரர்கள். சத்து மாவால் யாருக்குமே பிரயோஜனமில்லை என்று நாம் சொல்லவில்லை. ஜெனிவா நகரத்து ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு முறிந்த 59 முதியவர்களைக் கொண்டு நடத்திய ஒரு சோதனையின் முடிவு 1990-இல் வெளியாயிற்று. அவர்களில் ஒரு பகுதியாருக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாட்டோடு தினம் 20 கிராம் புரதமுள்ள ஒரு சத்துப் பானம் கூடுதலாய்க் கொடுத்தார்கள். குடித்தவர்களுக்குத் தொல்லைகள் குறைந்தன. நல்லபடி தேறியவர்களும் அதிகம். காரணம் என்ன? அந்த முதியவர்கள் முன்னமே சரியாய்ச் சாப்பிடாமல் மெலிந்திருந்தவர்கள். குறைவு இருந்தது, குறைவை நிரப்பினார்கள், குணம் தெரிந்தது. இதற்கு மறுபக்கத்தையும் பாருங்கள். 2022-இல் அமெரிக்காவில் 25,871 பேரைக் கொண்டு ஐந்து வருஷத்துக்கு மேல் நடத்திய சோதனையின் முடிவு வெளியாயிற்று. குறைவு இருக்கிறதா என்று பாராமல் பொதுவாக நல்ல தேகநிலையில் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு வைட்டமின் டி தினம் 2,000 யூனிட்டும், மற்றப் பாதிக்கு வெறும் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்ததில், மருந்து தின்றவர்களுக்கு எலும்பு முறிவது குறையவில்லை. ஆக, குறைவு உள்ளவனுக்கு அது மருந்து. குறைவில்லாதவனுக்கு அது செலவு. நிறைந்த குடத்தில் மேலும் மேலும் தண்ணீரை ஊற்றினால் தரைதான் நனையும்.

சட்டமும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. சத்துச் சேர்க்கை என்று விற்கும் டப்பாக்களின் மேல் மருத்துவ உபயோகத்துக்கு அல்ல என்று அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி அவற்றை விற்கவும் கூடாது. டப்பாவின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஓடுகிற மனிதன் படம். பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இந்த வாக்கியம். நமது தோழர்கள் இனிமேல் டப்பாவைப் பின்பக்கத்திலிருந்து படிக்கப் பழக வேண்டும். அதிலேயே ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்றும் போட்டிருக்கும். இரண்டு முட்டையின் 12 கிராமோடு அதையும் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், உபதேசம் வேண்டியதில்லை.

ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டையும் என்னவாயிற்று என்று சிலர் கேட்பார்கள். காலுக்குக் கால் என்கிற நியாயத்தில்தான் கால் முறிந்தவனுக்கு ஆட்டுக்கால் வந்தது. அந்த நியாயப்படி தலை வலித்தவன் ஆட்டுத்தலை தின்றால் புத்தி வளர வேண்டும். எலும்பை வேகவைத்த தண்ணீரில் இறங்கும் கால்சியம் சொற்பம். ருசிக்காகவும், பசி எடுப்பதற்காகவும் குடியுங்கள், குற்றமில்லை. ஆனால் சூப்பைக் குடித்துவிட்டுக் கறியை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிரண்டையைப் பற்றி 1960-களில் காசி சர்வகலாசாலையில் உடுப்பா என்ற சத்திர வைத்தியரும் அவரது சகாவும் பிராணிகளின் மேல் சோதித்து, எலும்பு கூடுவதற்கு அது உதவுவதாக எழுதினார்கள். பழையது என்பதற்காகவே நாம் எதையும் தள்ளுவதில்லை. பழையது என்பதற்காகவே எதையும் கொள்ளுவதுமில்லை. துவையலாக அரைத்துத் தின்பதை யாரும் தடுக்கவில்லை. துவையலை நம்பி முட்டையையும் மாவுக்கட்டையும் விட்டுவிடாமலிருந்தால் சரி.

மாத்திரை உண்மையாகவே வேண்டியவர்களும் உண்டு. முதியவர்கள், மாதவிலக்கு நின்ற பெண்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வெயில் காணாதவர்கள், சோதித்துப் பார்த்ததில் குறைவு தெரிந்தவர்கள் ஆகியோர் டாக்டர் சொன்ன அளவில் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். சாதாரணமாய் வழுக்கி விழுந்ததிலேயே எலும்பு முறிந்துபோன முதியவர்களுக்கு எலும்பே மெலிந்திருக்கும்; அதற்குத் தனி மருந்துகள் இருக்கின்றன; கேட்டுப் பெறவேண்டும். ஒரு எச்சரிக்கை: வாரத்துக்கு ஒன்று என்று கொடுக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி மருந்தைச் சீக்கிரம் குணமாக வேண்டுமென்று தினம் ஒன்றாகத் தின்பது ஆபத்து. இரத்தத்தில் கால்சியம் மிதமிஞ்சி ஏறிச் சிறுநீரகம் கெட்டுவிடும். பீடி, சிகரெட்டு, புகையிலையோ எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பது நிச்சயமாய்த் தெரிந்த விஷயம். ஒரு கையில் டப்பா மாவும் ஒரு கையில் பீடியும் வைத்திருப்பவன், ஓட்டைக் குடத்துக்குப் பொட்டு வைக்கிறவன்.

எலும்பைப் பற்றிய பேச்சில் நமது ஜில்லாவுக்கே உரிய இன்னொரு விஷயமுண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு அதிகம். பல்லில் கறை, முதுகு வளைவு, மூட்டு விறைப்பு இவற்றோடு திரிந்த மக்களை முன்ஜன்ம வினை என்று சொல்லிவைத்திருந்தார்கள். 1937-இலேயே சென்னை ராஜதானியின் நெல்லூர் ஜில்லாவில் ஷார்ட் என்பவரும் அவரோடு சேர்ந்த டாக்டர்களும், இப்படி எலும்பு கெடுவதற்குக் காரணம் குடிக்கிற தண்ணீர்தான் என்று கண்டு எழுதிவிட்டார்கள். கால்சியமும் சத்தும் குறைந்த ஏழை உடம்பில்தான் இந்த விஷம் கடுமையாய் வேலை செய்கிறது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 1,900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், ஜப்பான் கடனுதவியோடு முடிந்து காவிரித் தண்ணீர் வந்தது. எத்தனை கோயில் சுற்றியும் தீராத முன்ஜன்ம வினைக்குக் குழாய்தான் பரிகாரமாக வந்தது என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். தண்ணீர் வராத கிராமத்தார் டப்பா வாங்கக் காசு சேர்க்காமல், தண்ணீர் கேட்டு மனுப் போடக் கூட்டம் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, மிகவும் முக்கியமான சத்து ஒன்று உண்டு. அது கூலி. சம்பளம் நின்றுபோன வீட்டில் முதலில் நிற்பது முட்டை, பிறகு பால், பிறகு பருப்பு. 1948-இல் சட்டமான இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்க்கப்பட்ட தொழிலாளிக்கு வேலையில் காயம்பட்டால், தேறும் வரை கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். வீட்டுக்கும் ஆலைக்கும் இடையில் வழியில் நேரும் விபத்தும், அது வேலையோடு சம்பந்தப்பட்டதென்று நிரூபிக்கப்பட்டால், 2010-இல் செய்த திருத்தத்தின்படி இந்தக் கணக்கில் சேரும். இந்த உரிமை கண்டிராக்டுத் தொழிலாளிக்கும் உண்டு. ஆனால் தன் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அடிபட்ட பிறகுதான் தேடுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எந்தச் சத்து மாவும் மூன்று மாதக் கூலிக்கு ஈடாகாது.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. புருஷன் கால் முறிந்தால் வீட்டில் முட்டை வாங்கப்படுகிறது. மனைவி கை முறிந்தால், மற்றொரு கையால் அவளே சமைத்து, எல்லோரும் தின்ற பின் அடிச்சட்டியில் மிஞ்சியதைத் தின்கிறாள். பிள்ளை பெற்று, பால் கொடுத்து, தன் எலும்பின் சுண்ணாம்பையே குடும்பத்துக்குக் கொடுத்தவளுக்குத்தான் வயதான காலத்தில் இடுப்பெலும்பு முறிகிறது. கடைசியில் தின்பதுதான் பதிவிரதா தர்மம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இதற்கு ஜவாப்தாரிகள். சுயமரியாதைக்காரன் என்று சொல்லிக்கொள்ளுகிறவன் வீட்டில் பெண்களும் ஆண்களும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்பதைத்தான் நாம் முதலில் கேட்போம். மேடையில் அவன் என்ன பேசினான் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ஆகவே, தோழர்களே! உங்கள் தெருவில் எலும்பு முறிந்து கிடப்பவரைப் பார்க்கப் போகும்போது விபூதிப் பொட்டலமும் வேண்டாம், டப்பா மாவும் வேண்டாம். ஒரு டஜன் முட்டையும், ஒரு படி ராகியும், நாலு கொய்யாப்பழமும் எடுத்துக்கொண்டு போங்கள். எக்ஸ்ரே எடுத்தாயிற்றா, இ.எஸ்.ஐ.க்கு எழுதிப்போட்டாயிற்றா என்று கேளுங்கள். இல்லையென்றால் கூடவே இருந்து செய்து கொடுங்கள்.